டாஸ் மூன்றும் மேட்ரன் அம்மாவின் ஹீட்டரும்

ஆறு மாத கோர்ஸ் முடித்து சர்டிபிகேட் வாங்கியவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. ஒன்றும் தெரியாதவன் பயந்து ஒதுங்கிவிடுவான். நன்றாகத் தெரிந்தவன் கொஞ்சம் யோசிப்பான். ஆறு மாதக்காரன்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடி வருவான். எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானலுக்கு அப்படி ஒரு மடையன் ஓடி வந்தான். அது நான்தான்.

சொந்த ஊர் அய்யம்பாளையம். மதுரையில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பள்ளங்கி ரோட்டோரம் இருந்த ஒரு மிஷன் பள்ளியின் ஆபீசில் சேர்ந்தேன். ஆறு மாதம் தற்காலிகம், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம். அதற்குள் அப்பா ஊர் முழுக்க "என் மகன் கம்ப்யூட்டர் ஆபீசர்" என்று சொல்லி முடித்திருந்தார். ஆபீசர் இங்கே குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டருமாகப் பல் கிடுகிடுக்க உட்கார்ந்துகொண்டு, எதிரில் வந்தவர்களை எல்லாம் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் விட்டுப் போனது. ஸ்விட்சைப் போட்டால் கிழவர் மாடிப்படி ஏறுவதுபோல முனகி முனகித்தான் எழுந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் பத்து மெகாபைட். (இப்போது என் மச்சான் தினமும் அனுப்பும் 'குட் மார்னிங்' வீடியோவுக்கே பத்தாது.) அதில் ஓடியது டாஸ் இரண்டு. டாஸ் என்பது கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்கும் அடிப்படை சமாச்சாரம். நான் மதுரையில் படித்தது டாஸ் மூன்று. மூன்றைப் பார்த்த கண்ணால் இரண்டைப் பார்க்க நேர்ந்ததை நான் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

அதைவிட அவமானம் அந்த மணி. பள்ளிக்கூடம் கரண்ட் லைனின் கடைசியில் இருந்தது. யாராவது ஒரு ஹீட்டரைப் போட்டால் ஆபீஸ் பல்பு மஞ்சளாகிவிடும், நாலு பேர் போட்டால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன் வராந்தாவில் தொங்கும் மணியை மூன்று முறை அடிக்க வேண்டும். உடனே ஹாஸ்டல், சமையலறை, வாத்தியார்கள் குவார்ட்டர்ஸ், கரஸ்பாண்டென்ட் ஃபாதர் பங்களா எல்லா இடத்திலும் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் நீளமாக ஒரு மணி. அப்புறம் அவரவர் வெந்நீர் போட்டுக்கொள்ளலாம். இந்த மணியை அடிப்பவர் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா, பள்ளங்கிக்காரர்.

"கம்ப்யூட்டருக்கு மணி அடிக்கிற ஊரை இப்பத்தான் பாக்குறேன். தேங்காய் உடைக்கிறதில்லையா?" என்று நான் வந்த முதல் நாளே கேட்டேன்.

"நாங்க கிறிஸ்டியன்ஸ் சார்" என்றார் ஸ்டெல்லா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நான் நச்சரித்த நச்சரிப்பில், டாஸை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஃபாதர் ஒரு மீட்டிங்கே போட்டார். மூன்றே பேர். ஃபாதர், ஸ்டெல்லா, நான். அழையா விருந்தாளியாக ஹாஸ்டல் மேட்ரன் அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"புதுசுல என்ன வசதி?" என்றார் ஃபாதர்.

"நெறைய வசதி ஃபாதர்."

"அதான் என்ன?"

"நெறைய" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

"ஓடிக்கிட்டுக் கெடக்குறத எதுக்குப்பா நோண்டணும்?" என்றார் மேட்ரன் அம்மா. அவரைப் பார்த்து நான் ஒரு புன்னகை செய்தேன் பாருங்கள், இன்று நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. அவ்வளவு திமிர்.

ஸ்டெல்லாவின் கவலை வேறு. சனிக்கிழமை பெற்றோர்கள் வருகிறார்கள், பிள்ளைகளை லீவுக்குக் கூட்டிப் போக. அன்றைக்கு இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கும் ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும். விரல் நுனியை வெட்டிவிட்ட கையுறையைப் போட்டுக்கொண்டு, குளிரில் மூன்று வாரமாக அத்தனை மார்க்கையும் உள்ளே ஏற்றி வைத்திருந்தது அவர்தான். அச்சடிப்பது மட்டும் பாக்கி.

"சனிக்கிழமை கழிச்சு மாத்திக்கலாமே சார்? இல்லாட்டி காப்பியாவது எடுத்து வச்சுக்குவோம்."

காப்பி எடுக்க வெற்று ஃப்ளாப்பிகள் வேண்டும். அவை மதுரையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். எனக்கோ அந்த மாதத்தோடு ஆறு மாதம் முடிகிறது. புது டாஸில் ரிப்போர்ட்டை அச்சடித்து ஃபாதர் கையில் கொடுத்து, அதே கையால் நிரந்தர ஆர்டரை வாங்கிவிடும் திட்டத்தில் இருந்தேன். "பழைய பாய் மேல புதுப் பாய் விரிக்கிற மாதிரிதான். அடியில இருக்கிறது அப்படியே இருக்கும்" என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். ஃபாதர் நல்ல மனிதர், நம்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. வெளியே மூடுபனி. கையில், வேலைக்கு வரும்போதே நான் மதுரையிலிருந்து கொண்டுவந்திருந்த டாஸ் மூன்று ஃப்ளாப்பி. ஸ்டெல்லா வழக்கம்போல மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடிக்கட்டுமா சார்?"

"வேண்டாம். கரண்ட்ட சரி பண்ணத்தானே ஸ்டெபிலைசர் இருக்கு? இன்னையோட இந்த மணிச் சேட்டையெல்லாம் நிப்பாட்டுங்க."

"அந்த ஸ்டெபிலைசர நம்பாதீங்க சார்."

"கோர்ஸ் படிச்சது நானா நீங்களா?"

ஸ்டெல்லா கயிற்றை விட்டார். உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "அப்ப எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையில விடியக் கூடாது."

எழுதினேன். 'மணி அடிக்க வேண்டாம் என்று சொன்னது நானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே 'கம்ப்யூட்டர் ஆபீசர்' என்று வேறு போட்டுக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. மூன்று வாரமாகக் காலை முதல் மாலை வரை மார்க் ஏற்றும் வேலை நடந்ததால், அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் பகலில் வெந்நீரில் குளிக்கவில்லை. பனியில் உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, மணிச் சத்தத்தைச் சபித்துக்கொண்டு கிடந்தார்கள். அன்றைக்குப் பத்து மணியாகியும் மணி அடிக்கவில்லை. இன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு லீவு போலிருக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது.

மேட்ரன் அம்மா ஹாஸ்டலில் கத்தியது ஆபீஸ் வரை கேட்டது. "ஏலே, மணி அடிக்கல! வெரசா வாங்கலே, தலைக்கு ஊத்திருவோம்!"

நான் அதைக் கேட்டேன். கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கம்ப்யூட்டர் பழைய டாஸை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பல்பு மஞ்சளானது, பிறகு ஆரஞ்சானது. ஸ்டெபிலைசர் இரண்டு முறை 'டக் டக்' என்றது. அவ்வளவுதான், மேற்கொண்டு அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. திரை கருத்தது. அதே நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தால், வளாகத்தின் எல்லாக் குளியலறையிலிருந்தும் ஆவி கிளம்பி மூடுபனியோடு கலந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு வாத்தியார் ஆனந்தமாகப் பாடிக்கொண்டு குளித்தார்.

ஸ்டெல்லா ஓடிப்போய் மூன்று முறை மணி அடித்தார். ஹீட்டர்கள் அணைந்தன, கரண்ட் ஏறியது, நான் ஸ்விட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்து, சிஸ்டம் எதையும் காணோம் என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. டாஸ் இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. மறுபடி போட்டேன். மறுபடி. பதினேழாவது தடவை போடும்போது ஸ்டெல்லா கேட்டார்.

"மார்க்கு?"

நான் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தேன். அவர் அழவில்லை. கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். எனக்குத்தான் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது, வேலை போன பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது.

மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "அத்தனையும் அழிஞ்சு போச்சு சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, வாத்தியார்களிடம் மார்க் நோட்டுகள் இருந்தன. வெள்ளி முழுக்க, சனிக்கிழமை வெள்ளனே எழுந்தும், ஆபீசில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து கையாலேயே கூட்டி, கையாலேயே ரேங்க் போட்டு, கையாலேயே ரிப்போர்ட் எழுதினோம். கம்ப்யூட்டர் ஆபீசரின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்ததால், கடைசியில் எனக்குக் கோடு போடும் வேலை மட்டும் கொடுத்தார்கள். பெற்றோர் ஒருவர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல வருதுன்னாங்களே ஃபாதர்?" என்று கேட்டார்.

"இந்த வருஷம் கம்ப்யூட்டர் லீவு" என்றார் ஃபாதர்.

என்னைத் துரத்திவிடுவார் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். கூப்பிட்டு உட்கார வைத்தார். தற்காலிகம் இன்னும் ஒரு வருஷம் நீண்டது. "கம்ப்யூட்டர ஸ்டெல்லா பாத்துக்கும். மணி அடிக்கிறது இனிமே உங்க சோலி" என்றார்.

ஒரு வருஷம் அடித்தேன். தினமும் காலையில் ஸ்டெல்லா உள்ளேயிருந்து, "ஆபீசர் சார், மணி?" என்பார். போய் மூன்று முறை அடித்துவிட்டு வருவேன். அந்த ஒரு வருஷத்தில்தான் அவர் என்னை மன்னித்தார், இரண்டாம் வருஷம் கல்யாணம் செய்துகொண்டார். (ஏன் என்று கேட்டால் இன்றுவரை சரியான பதில் இல்லை.) தாலி கட்டப் போகும் நேரத்தில் மாதா கோயில் மணி அடிக்க, பெஞ்சிலிருந்து மேட்ரன் அம்மா, "ஹீட்டர அணைங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். ஃபாதர் ஜெபப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார்.

நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை ஸ்டெல்லா பைபிளுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள். வீட்டில் எந்த வாக்குவாதமானாலும் அது வெளியே வரும். என் கையில் இருக்கும் செல்போனுக்கும் வயதாகிவிட்டது. புது சிஸ்டம் வந்திருக்கிறது, மாற்றவா என்று அது வாரம் தவறாமல் கேட்கிறது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை நீட்டும்போதெல்லாம் சமையலறையிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் அடிக்கும் சத்தம் வரும். மூன்று முறை.

போன் பேட்டரியில் ஓடுகிறது, வீட்டுக் கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து போய் கீஸரை அணைத்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன்.