முந்தைய பதிப்புக்குத் திரும்பு

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தான். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தான். ராத்திரி பாதித் தூக்கத்தில், கூடத்தில் யாரோ பேசியது போல் இருந்தது நினைவுக்கு வந்தது. அந்த மாதிரிக் கனவுகள் இப்போது அடிக்கடி வருகின்றன. காபியை எடுத்துக்கொண்டு கூடத்து மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். லேப்டாப்பின் மூடியைத் திறந்தான்.

“டிங்” என்றது லேப்டாப்.

“தேச்சாச்சு” என்றான் அவன்.

அப்புறம்தான் உறைத்தது. லேப்டாப் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று வரை கேட்டுக்கொண்டிருந்தது. “வந்துட்டியா? பல்லு தேச்சியா?” என்று, அவன் மனைவியின் குரலில்.

லேப்டாப் அவளுடையது. கல்லூரி நாளில் வாங்கியது. அது போடும் டிங் டொங் எல்லாம் அவளுக்கு எரிச்சல். ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டுத் தன் குரலைப் பதிந்து வைத்தாள். சார்ஜ் குறைந்தால், “பசிக்குதுடா.” பாஸ்வேர்டு தப்பினால், “அறிவிருக்கா?” ஏதாவது கோளாறு என்றால், “என்னைப் பாக்காதே, நீதான் பண்ணே.” பதிப்பு மாறும்போதெல்லாம் புதிதாகப் பேசிப் பதிவாள். பழைய பதிப்புகளும் பழைய குரல்களும் உள்ளேயே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன.

ஒரே ஒரு சத்தத்தை மட்டும் அவள் மாற்றவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தும்போது வருகிற சத்தம்.

“அதுக்குக் குரல் குடுத்து என்ன பிரயோஜனம்? நீ எங்க கேக்கப்போறே?” என்றாள்.

நியாயமான கேள்வி. கல்யாணத்துக்குப் பிறகு லேப்டாப் அவன் கைக்கு வந்துவிட்டது. அவன் அதை நிறுத்தியதே கிடையாது. வேலை முடிந்தால் மூடியை மூடுவான். அவ்வளவுதான். அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தான்.

“ஒழுங்கா நிறுத்திட்டு எழுந்திரேன்.”

“நிறுத்தினா ஏதாவது ஆயிடும்.”

“என்ன ஆகும்?”

“மறுபடி வரலைன்னா?”

“ஒண்ணும் ஆகாது. ஒரே ஒரு தடவை நிறுத்தித்தான் பாரேன்.”

அவன் நிறுத்திப் பார்க்கவில்லை. போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரிக்கும் லேப்டாப்பைக் கொண்டு போயிருந்தாள். கடைசி நாள் அவனைப் பார்த்து, “வீட்டுக்குப் போய் சார்ஜரை எடுத்துட்டு வா” என்றாள். எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அதற்குள் அவள் பேச்சு நின்றிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், “கடைசியா என்ன சொன்னாங்க?” என்று ஆசையாகக் கேட்டார்கள். சார்ஜர் என்று எப்படிச் சொல்வது? “நல்லாத்தான் பேசிட்டிருந்தா” என்று சமாளித்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு மிச்சம் இருந்தது காலையில் வரும் அந்தக் கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் எழுத்துகள் மிதந்தன. ‘புதிய பதிப்புக்கு நல்வரவு! நீங்கள் உறங்கும்போது எல்லாவற்றையும் மேம்படுத்திவிட்டோம்!’

நேற்று மாலை ஒரு பெட்டி வந்து, சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அமுக்கியிருந்தான். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவன் தொழில். ‘எச்சரிக்கைகளை முழுமையாகப் படித்த பின்னரே பயன்படுத்தவும்’ என்று வாரா வாரம் எழுதுகிறவன். ஒன்றையும் படித்தது கிடையாது.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் பெருமை. போன் போட்டான்.

“பேஷண்ட்டுக்கு என்ன?”

“குரல் போயிடுச்சு டாக்டர்.”

“மைக்கா, ஸ்பீக்கரா?”

“ரெண்டும் இல்ல. குரல்.”

விளக்கினான். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கவலையே படாதீங்க. புதுசு ஏறினா சத்தமெல்லாம் கம்பெனி சத்தமா மாறிடும். பழசெல்லாம் உள்ளதான் எங்கயாவது கிடக்கும். நாளைக்குக் கொண்டாங்க, அலுங்காம வெளிய எடுத்துத் தர்றேன்.”

“நாளைக்கா?”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார். என் வீட்டுலயும் ஒரு சிஸ்டம் இருக்கு. அதுவும் சத்தம் போடும்.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார் போலிருந்தது. குரலைத் தணித்தார். “ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. பழைய பதிப்புக்கு இறக்கறேன்னு நீங்களா கை வெச்சிடாதீங்க. ஏத்தறது சுலபம். இறக்கறதுதான் வில்லங்கம்.”

“சரி டாக்டர்.”

நாளை என்றால் நாளைக் காலையும் டிங்தான். அவன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கை வைத்தான்.

‘முந்தைய பதிப்புக்குத் திரும்பு’ என்று ஒரு பட்டன் இருந்தது. அதைத் தொட்டதும் எச்சரிக்கை வந்தது. ‘இவ்வாறு செய்கையில் பின்னர் சேர்க்கப்பட்டவையான ஒலிகள் நீக்கப்பட்டு இழக்கப்படலாம் ஆகும்.’

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எச்சரிக்கையைப் படித்தான். முகம் சுளித்தான். என்ன வாக்கியம் இது? ‘இழக்கப்படலாம் ஆகும்’ என்று எவன் எழுதினான்? மனதுக்குள்ளேயே அடித்துத் திருத்தினான். ‘பின்னர் சேர்த்த ஒலிகள் அழிந்துவிடும்.’ இப்போது கச்சிதமாக இருந்தது. திருத்திய திருப்தியில் சம்மதம் என்று அமுக்கினான்.

திரை கறுத்தது. வெளுத்தது.

“வந்தியா? செருப்பைக் கழட்டு.”

குனிந்து பார்த்தான். காலில் வீட்டுச் செருப்பு இருந்தது. கழற்றி ஓரமாக வைத்தான்.

“கழட்டியாச்சு” என்றான்.

அவள் குரல்தான். ஆனால் பல் தேய்க்கச் சொல்கிற குரல் இல்லை. இது முந்தைய வருஷத்துக் குரல், அந்தப் பதிப்பு ஏறிய புதிதில் பதிந்தது; பின்னால் மாற்றிப் பதிந்ததெல்லாம் அழிந்திருந்தது. புதுக் கம்பளம் வாங்கியிருந்த சமயம். பரவாயில்லை, இதுவும் அவள்தானே என்று நாற்காலியில் சாய்ந்தான்.

“பசிக்குதுடா” என்றது லேப்டாப்.

ஒயர் செருகித்தான் இருந்தது. பிடுங்கி மறுபடி செருகினான்.

“பசிக்குதுடா.”

வேறு பிளக்கில் மாட்டினான். சமையலறைக்கே தூக்கிக்கொண்டு போய் மாட்டினான். போன மாதம் டாக்டர் கடையில் போட்ட புது பேட்டரியைப் பழைய பதிப்புக்கு அடையாளம் தெரியவில்லை. வயிறு நிறைந்திருப்பது அதற்குப் புரியவில்லை. சத்தத்தைக் குறைத்தான். அது குறைகிற சத்தமாக இல்லை.

“பசிக்குதுடா.”

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பசியே இல்லாமல் இருந்தது. வாய்க்கிட்டே கொண்டுபோன கரண்டியை ஒதுக்கிவிடுவாள். இப்போது விடாமல் பசித்தது. மறுபடி கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டான்.

“டாக்டர், பசிக்குதாம்.”

“யாருக்கு?”

“பேஷண்ட்டுக்கு.”

“கை வெச்சிட்டீங்களா?”

“லேசா.”

“ஐயையோ. சரி, திரும்பப் புதுசுக்கு ஏத்துங்க பாப்போம்.”

“அந்த பட்டனையே காணோம்.”

“எப்படி இருக்கும்? நீங்க இறங்கினீங்கன்னா மேல இருக்கற படியை அது இடிச்சுடும். அதுக்குத்தானே அவ்வளவு சொன்னேன்! போனது போகட்டும். இருக்கறதையாவது காப்பாத்தலாம். மூடி வெச்சிட்டு எழுந்திருங்க.”

“மூடினாலும் பசிக்குதுங்குது டாக்டர்.”

“காதை மூடிக்குங்க” என்று டாக்டர் வைத்துவிட்டார்.

மறுபடியும் லேப்டாப்பை மூடிப் பார்த்தான். மூடிக்குள்ளிருந்து, போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. “பசிக்குதுடா.” ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால், பிஸ்கட் தட்டு லேப்டாப்பின் பக்கத்தில் இருந்தது. தான்தான் நகர்த்தியிருக்கிறோம் என்று அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் வரை இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மனுஷனால் ஆகாது. மூடியைத் திறந்தான். இன்னொரு படி இறங்கினான். இந்த முறை எச்சரிக்கையைப் படிக்கவில்லை. பழைய வழக்கத்துக்கே போய்விட்டான்.

“வந்துட்டீங்களா? காபி போடட்டுமா?”

பசி நின்றுவிட்டது.

கல்யாணமான புதிது. மாப்பிள்ளை முறுக்கும் கல்யாணப் பெண் கூச்சமுமாக இருந்த மாதங்கள். அப்போதெல்லாம் ‘நீங்க’தான். ஒருநாள் அவள் பாதி அடித்து வைத்திருந்த விண்ணப்பத்தைக் கவனிக்காமல் அவன் மூடியை மூடிவிட்டான். உள்ளே சார்ஜ் தீர்ந்து விண்ணப்பம் போயே போய்விட்டது. “அறிவிருக்காடா உனக்கு?” என்று அவள் கத்தினாள். இருவரும் திகைத்துப்போய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. உண்மையில் அன்றைக்குத்தான் கல்யாணம் ஆயிற்று என்று அவன் நினைப்பதுண்டு.

அந்த நாளுக்கு முன்னால் வந்து நின்றிருந்தான் இப்போது.

திரை பாஸ்வேர்டு கேட்டது. அப்போதைய பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாது. தெரிந்ததை அடித்தான்.

“பரவாயில்லைங்க, மறுபடி பாருங்க.”

வேறொன்றை அடித்தான்.

“பரவாயில்லைங்க, மறுபடி பாருங்க.”

“திட்டு” என்றான் அவன். “ஒரு தடவை திட்டேன்.”

“பரவாயில்லைங்க” என்றது லேப்டாப். அப்புறம் பூட்டிக்கொண்டது.

டாக்டருக்குப் போன் போட்டான். டாக்டர் வீட்டு சிஸ்டம் எடுத்தது. “அவர் தூங்கறார். உங்களால ஏற்கனவே சாப்பாடு ஆறிப்போச்சு” என்று வைத்தது.

பூட்டிய திரையில் ஒரே ஒரு பட்டன்தான் மிச்சம். ‘முதன்முதலில் சேமித்த நிலைக்குத் திரும்பு.’ கீழே, ‘மற்றவை அனைத்தும் அழியும்.’

இந்த வாக்கியத்தில் குறையே இல்லை. திருத்த ஒன்றும் இல்லாததால், வேறு வழியில்லாமல் அர்த்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தான். பூட்டுக்குப் பின்னால் இருப்பது எப்படியும் கைக்கு எட்டாது. கடைசிப் படியிலும் அவள் ஏதோ பேசியிருப்பாள். என்ன பேசியிருந்தாலும் டிங்கைவிட மேல்.

அமுக்கினான். அது வெகுநேரம் எடுத்துக்கொண்டது. உள்ளே யாரோ சாமான்களை ஏறக்கட்டுவது போலச் சத்தம் கேட்டது. மின்விசிறிதான். பிறகு அமைதி.

“யார் நீங்க?” என்றது லேப்டாப்.

இளம் குரல். கறாரான குரல். அவனை அறியாத குரல்.

“நான்தான்” என்றான்.

ஒரு எழுத்தைத் தொட்டான்.

“இது என் கம்ப்யூட்டர். கையை எடுங்க.”

விடுதி அறையில் தோழிகள் தொடாமலிருக்கப் பதிந்து வைத்தது. அவள் எப்போதோ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். தெரிந்தும் அவன் கையை எடுத்துவிட்டான். கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“யார் நீங்க?”

“உன் புருஷன்.”

“யார் நீங்க?”

வாசல் மணி அடித்தது. கொழுந்தியாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பையோடு வந்து, அவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே ஓரடி வைத்தவள் அப்படியே நின்றாள்.

“யார் நீங்க?” என்றது கூடம்.

“மாமா.” அவள் முகம் வெளிறியிருந்தது. “உள்ள யாரு?”

“உங்க அக்கா. என்னை அடையாளம் தெரியலையாம்.”

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னான். டிங்கிலிருந்து ஆரம்பித்தான். பிஸ்கட் தட்டை மட்டும் விட்டுவிட்டான். அவள் கண் அதன்மேல்தான் இருந்தது.

“எல்லாமே போச்சா மாமா?”

“எல்லாம்.”

“கடைசிச் சத்தத்தையாவது தனியா எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?”

“பல்லு தேச்சியாவா? அதுதான் முதல்ல போச்சு.”

“அது இல்ல. நிறுத்தும்போது வருமே, அது.”

“அதுக்கு அவ குரலே குடுக்கலை.”

“குடுத்தா மாமா. ஆஸ்பத்திரியில, அந்தக் கடைசி நாள். நான்தான் லேப்டாப்பை அவ வாய்க்கிட்ட பிடிச்சிட்டிருந்தேன். அதுக்கப்புறம் அவ பேசவே இல்லை.”

“நான் எங்க இருந்தேன்?”

“சார்ஜர் எடுக்கப் போயிருந்தீங்க.” அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “சார்ஜெல்லாம் நிறைய இருந்துச்சு. உங்களை வெளிய அனுப்பத்தான் கேட்டா. ‘சொல்லிடாதே, அவனே கேக்கட்டும்’னா. நீங்க தினமும் ராத்திரி கேட்டுட்டுத்தான் படுக்கப் போறீங்கன்னு நெனச்சேன். அதான் நான் அந்தப் பேச்சையே எடுக்கலை.”

“நான் மூடியைத்தான் மூடுவேன்” என்றான் அவன்.

சொல்லும்போதே நினைவுக்கு வந்தது. புதிய பதிப்பு ஏற வேண்டுமென்றால் பழையது ஒரு தடவை தானாகவே நின்றிருக்க வேண்டும். நேற்று ராத்திரி. ஆளில்லாத கூடத்தில். அவன் கனவு என்று திரும்பிப் படுத்திருந்தான்.

“என்ன சொன்னா?”

கொழுந்தியாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, அக்காவின் குரலிலேயே சொன்னாள்.

“‘பாத்தியா, நிறுத்திட்டே. ஒண்ணும் ஆகலை.’”