பைண்டர் தைத்த கதை

உலகத்துக் கதாசிரியர்களை எல்லாம் ஒரு தட்டிலும், எங்கள் சாலைக் கடைவீதிப் பைண்டரை மறு தட்டிலும் வைத்தால் பைண்டர் தட்டுதான் தாழும். இத்தனைக்கும் அவர் ஒரு வரி எழுதியவரில்லை.

அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைக்காத வீடு எங்கள் வலியசாலைப் பகுதியில் கிடையாது. சேர்ப்பது நாம்; எந்த அத்தியாயத்துக்குப் பின் எது என்று தீர்மானிப்பவர் பைண்டர். துப்பறியும் கதையில் கொலைகாரன் முதலில் தூக்கில் தொங்குவான், பிறகு சாவகாசமாகக் கொலை செய்வான்.

கச்சேரியில் ஹெட் கிளார்க்கான என் சித்தப்பா ஒரு நாள், அவரிடம் பைண்டு செய்து வாங்கிய ஒரு தொடர்கதையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஓய், முதல் அத்தியாயத்துல ஜுரத்துல செத்தவ, கடைசியில ஊஞ்சலாடறாளே, எப்படிங்காணும்?"

"முழுக்க வாசிச்சேளா சாமி?"

"ஒரே மூச்சில வாசிச்சேனாக்கும்."

"பெறவு என்ன? நேரா நடக்குறதத்தான் வீட்டுலயே பாக்கோம்லா. அதுக்குப் புஸ்தகம் எதுக்கு?"

சித்தப்பா முனகிக்கொண்டே திரும்பினார். ஆனால் சித்தி அந்தப் புத்தகத்தை விடவேயில்லை. அவளுடைய ஒரே பெண் ராஜம் விஷ ஜுரத்தில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தினமும் மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்காருவாள். முதலில் வரும் சாவைத் தாண்டிவிட்டால் போதும். புத்தகத்தை மூடும்போது அந்தப் பெண் ஊஞ்சலில் பாடிக்கொண்டிருப்பாள்.

கச்சேரி நண்பர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சித்தப்பாவுக்கு மானம் போய்விட்டது. ஓர் அச்சாபீசில் கொடுத்து ஒழுங்காகத் தைத்து வாங்கி வந்தார். சித்தி கடைசிப் பக்கம்வரை படித்தாள்.

"இவளும் போயிட்டா" என்றாள். பிறகு அதைத் தொடவில்லை.

சித்தப்பா சாலைக் கடைவீதிக்கு ஓடினார். பைண்டர் கடையைக் காலி செய்துகொண்டு நாகர்கோவில் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் ஆள் விட்டுத் தேடியாயிற்று. கடைசியில் சித்தப்பாவே நூலை அறுத்து, விரலெல்லாம் ஊசி குத்திக்கொண்டு, மாற்றி மாற்றித் தைத்துப் பார்த்தார். எப்படித் தைத்தாலும், சாவை முதலில் வைத்தாலும்கூட, முடிவு தெரிந்துவிட்ட வீட்டில் அந்தப் பெண் செத்துக்கொண்டே இருந்தாள்.

எங்கே இருந்தீரோ, பைண்டரே. ஒரு நாள் வந்து எங்கள் பெண்ணை அந்த ஊஞ்சலில் உட்கார்த்திவிட்டுப் போயிருக்கலாம்.