இரும்பு நுழையாத வீடு

டர்னர் தன் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் அவருடைய சட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தலையணைக்கு இரண்டு தலையணையாக வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"என்னங்க, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டீங்களா?"

"இந்தப் பக்கம் அழுக்கு. அதான் அந்தப் பக்கம்."

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வாங்க. இந்தக் கோலத்துல பக்கத்துல உக்காந்தா பாக்கறவங்க உங்களைச் சொல்ல மாட்டாங்க. என்னைத்தான் சொல்லுவாங்க."

அவர் போனார். மாற்றினார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

அவளோடு வாதாடி ஜெயித்ததாக டர்னருக்கு நினைவே இல்லை. வாதாடியதாகவே அதிகம் நினைவில்லை. அவர் வாய் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான் என்பது அவள் கட்சி. 'ஊமைக்கோட்டான்' என்று செல்லமாகவும் கூப்பிடுவாள், கோபமாகவும் கூப்பிடுவாள். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பார். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளை முழுசாக ஏமாற்றிவிட்டோம் என்று அவர் நம்பியிருந்தார். அவள் இருந்தவரை அது பெருமையாக இருந்தது. அவள் போன பிறகு முள்ளாகக் குத்தியது. போகிறவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று வெறும் வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து நினைத்தார்.

விஷயம் ஒரு பல்சக்கரம்.

இரும்பு கடையும் டர்னர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, கம்பெனி கழித்துக்கட்டிய பழைய லேத், அதாவது கடைசல் மெஷின், ஒன்றையும் அவர் கூடவே கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வைத்துக்கொண்டார். லேத்தில் உளியைத் தாங்கி நகரும் வண்டிக்கு முன்னால் ஒரு இரும்புப் பெட்டி தொங்கும். அதற்குள்ளே வெண்கலத்தில் ஒரு பல்சக்கரம். வார்ம் வீல் என்பார்கள். தேநீர்ச் சாசர் அகலம். ஒரு நாள் அதன் பற்கள் வரிசையாக உதிர்ந்தன. கிழவருக்குப் பல் போனால் கஞ்சி குடிக்கலாம். லேத்துக்குப் பல் போனால் படுக்கைதான்.

அதைச் செய்த கம்பெனியை மூடிப் பல காலம் ஆகியிருந்தது. இரும்புக்கடை இரும்புக்கடையாக ஏறி இறங்கினார். "இந்த மெஷினா? இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டார்கள், ஏதோ தூரத்துச் சொந்தத்தை விசாரிப்பதுபோல. பிறகு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். லேத் ஓடியபோதும் அங்கேதான் இருந்தார். ஓடாதபோதும் அங்கேதான்.

"உள்ள என்ன பண்றீங்க?" என்பாள் கதவுக்கு வெளியே.

"யோசிக்கிறேன்."

"நேத்தும் யோசிச்சீங்களே."

"அது வேற."

"சுவத்தோட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். செருப்புச் சத்தம் சமையலறை வரை கேட்கும். அவள் அங்கே தனியாக என்ன செய்கிறாள் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க வார்ம் வீல் இருந்தது.

கடைசியில் தானே ஒன்று வார்த்துவிடுவது என்று முடிவுசெய்தார். அதற்கு உலோகம் வேண்டும். வீட்டுக் கதவுகளில் கனமான பித்தளைக் குமிழ்கள் இருந்தன. பின்னறைக் கதவில் ஆரம்பித்து, சாமான் அறைக் கதவுக்கு வந்து, குளியலறையில் முடித்தார். ஷெட்டில் கரி மூட்டி உருக்கி மணலில் ஊற்றினார். மறுநாள் குளிக்கப் போய்க் கதவைச் சாத்தியபோதுதான் வெளியே வருவதற்கும் குமிழ் தேவைப்படும் என்பது உறைத்தது.

"குமிழ் எங்க?" என்றாள் வெளியே இருந்து.

"கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

"உருக்க."

"உருக்கி?"

"வார்ம் வீல்."

"ஷெட்டுல நாய் கடிச்ச பிஸ்கட் மாதிரி ஒண்ணு கிடக்கே, அதுவா?"

உள்ளே அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"சரி, கேளுங்க. இனிமே இரும்பு, பித்தளை, வெண்கலம், எதுவும் இந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ள வரக்கூடாது. இருக்கறது வெளிய போகவும் கூடாது. ஒத்துக்கிட்டா கதவு திறக்கும்."

"எஃகு?"

"அங்கயே இருங்க."

"சரி, சரி. எஃகும் கிடையாது."

கரண்டிக் காம்பை ஓட்டையில் விட்டு அவள் கதவைத் திறந்தாள். ஈரத் துண்டோடு நின்று எஃகுக்காகச் சத்தியம் செய்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்தில் ஒரு நாள் மளிகைக்கடைக்காரர் சாமானைக் கட்டிக்கொண்டே, "அண்ணே, உங்க மெஷின் மாதிரியே ஒண்ணு பின் தெருவுல கப்பல்காரர் வீட்டுல இருக்காம்" என்றார். டர்னர் அரைக் கிலோ பருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

கப்பல்காரர் என்பவர் கப்பல் இன்ஜின் அறையில் காலத்தைக் கழித்துவிட்டுத் தனியாக இருந்தவர். இன்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிப்போனதால் எல்லோரிடமும் கப்பலின் அடுத்த முனைக்குப் பேசுவதுபோலப் பேசுவார். அவர் வீட்டு முன்னறையில், துணி உலர்த்தும் கொடிக்கு அடியில், அதே கம்பெனி லேத் ஒன்று, அச்சு அசலாக, துருவேறி நின்றது.

"வார்ம் வீல் மட்டும் போதும்" என்றார் டர்னர்.

"எடுத்துக்கய்யா. ஆனா நீயே கழட்டணும். பெட்டியை இறக்கணும்னா நீளத் திருகை உருவணும். திருகை உருவணும்னா இந்த மூணு நட்டும் கழலணும். மூணும் துரு. எண்ணெய் விட்டு ஊறப் போடணும். அவசரப்பட்டா மண்டை முறியும். நட்டு மண்டையைச் சொன்னேன்."

அது முறையான பேச்சு. டர்னரும் அதையேதான் சொல்லியிருப்பார். எண்ணெய் விட்டார். "அடுத்த வியாழக்கிழமை வா" என்றார் கப்பல்காரர். "இப்ப உக்காரு. ஒரு தடவை நடுக்கடல்ல பாய்லர் அணைஞ்சு போச்சு..."

வீட்டில், நடக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்றார். எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. போகும்போது ஒரு பழைய துணியைக் கையில் கொடுத்தாள்.

"எதுக்கு?"

"நடந்தா வேர்க்கும். தொடைக்க."

துணி எண்ணெய்க் கறையோடு திரும்பியது. அவள் ஒன்றும் சொல்லாமல் துவைத்துப் போட்டாள். என்ன அப்பாவி, என்று டர்னர் உள்ளுக்குள் சிரித்தார்.

வாரா வாரம் வியாழன். ஆனால் அந்த நட்டுகளைப் போலப் பிடிவாதமான நட்டுகளை அவர் பார்த்ததில்லை.

"போன வாரம் இதைத் தளர்த்திட்டுத்தானே போனேன்?"

"துரு திரும்பப் பிடிச்சிருக்கும்."

"துரு பிடிக்கும். முறுக்குமா?"

"கடல் காத்துல கிடந்த இரும்பு அப்படித்தான்யா. தானே இறுகும். நான் பாக்காத இரும்பா?"

டர்னர் ஆயுசு பூராவும் இரும்பைக் கடைந்தவர். ஆனால் கப்பலில் போனதில்லை. ஒரு தொழில்காரன் தன் தொழிலில் சொல்வதை இன்னொரு தொழில்காரன் மறுத்துப் பேசக்கூடாது என்று நினைப்பவர். எனவே மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி உட்கார்ந்து, மறுபடி பாய்லர் கதை கேட்டார். சில நாள் அவரும் இரண்டு வார்த்தை சொன்னார். கேட்காத காதுக்கு உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. அந்தத் தெருவே முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டது.

சாப்பிடும்போது அவள் கேட்பாள்: "ரொம்ப தூரம் நடந்தீங்களா?"

"ம்."

"யாரையாவது பாத்தீங்களா?"

"ஒருத்தரையும் பாக்கல."

"என்ன சொன்னார்?"

"நடுக்கடல்ல ஒரு தடவை பாய்லர்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "எங்கயோ படிச்சேன்."

"சொல்லுங்க, படிச்சதையே சொல்லுங்க."

சொன்னார். வேறு வழியில்லை. அடுத்த வாரம் சமையல்காரன் கடலில் விழுந்த கதை. அதற்கடுத்த வாரம் கேப்டனின் பொய்ப்பல். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை சாமர்த்தியமாகச் சமாளித்ததை நினைத்து அவரும் சிரித்தார். அந்த வருஷம் அந்த மேசையில் அவர் பேசிய அளவு அதற்கு முந்திய மொத்த வாழ்க்கையிலும் பேசவில்லை.

பிறகு அவள் இளைத்தாள். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு சட்டை.

அவள் போனபின் வியாழக்கிழமைகளில் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைப் பூட்டினால் போதும். ஆனால் திரும்பி வந்து கதையைச் சொல்ல ஆளில்லை. தானே சமைத்து, சட்டியை மேசையில், சூடு படாமலிருக்க அடியில் போடும் வட்டமான துணிப் பிரிமனைமேல் வைத்து, எதிர் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிட்டார். அந்த மனையை அவளே பழைய சேலையில் தைத்திருந்தாள். அதை நகர்த்தும்போதெல்லாம் கனமாக இருக்கிறதே என்று தோன்றும். அவள் செய்தது எதுவும் லேசாக இருந்ததில்லை என்று விட்டுவிடுவார்.

ஒரு நாள் குழம்பு கொட்டி மனை நனைந்துபோனது. துவைக்கலாம் என்று தையலைப் பிரித்தார். உள்ளிருந்து வெண்கலப் பற்கள் அவரைப் பார்த்து இளித்தன.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்: ஒரு பல்கூட உதிராத வார்ம் வீல். பிறகு சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பின் தெருவுக்குப் போனார். வியாழக்கிழமை இல்லை. கப்பல்காரர் கதவைத் திறந்தபோது அவர் கையில் ஸ்பானர் இருந்தது.

டர்னர் சக்கரத்தை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

கப்பல்காரர் அதைப் பார்த்தார். ஸ்பானரைப் பார்த்தார். பின்னால் மறைத்துக்கொள்ள நினைத்து, விட்டுவிட்டார்.

"நீதான் இறுக்கறியா?"

"பின்ன துருவா இறுக்கும்? நீ ஒரு டர்னர். நம்பினியே அதைச் சொல்லு."

"ஒவ்வொரு வாரமுமா?"

"தோள்பட்டை வலிச்ச வாரம் ஒண்ணை மட்டும் விட்டுட்டேன். நீ கவனிக்கல."

"இது எப்ப எங்க வீட்டுக்கு வந்தது?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே. உன் வீட்டம்மா வீடு வீடா விசாரிச்சு வந்து சேர்ந்தாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வந்திருந்தாங்க, கையில சீட்டோட. பெட்டியைக் கழட்டி நான்தான் எடுத்துக் குடுத்தேன். காலிப் பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"'இதைக் குடுத்தா ஷெட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவார். எனக்கப்புறம் யார் தட்டுவா? நீங்க நட்டை மட்டும் பாத்துக்குங்க'ன்னாங்க. மளிகைக்கடையில சொல்லி வெச்சதும் அவங்கதான்."

டர்னர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போகிறவளை ஏமாற்றிவிட்டோமே என்று இத்தனை மாதமாகச் சுமந்த குற்றத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. அது அவருடையதே இல்லை.

"அவளே வெண்கலத்தை உள்ள கொண்டு வந்திருக்கா" என்றார் கடைசியில். "என்கிட்ட எஃகு வரைக்கும் சத்தியம் வாங்கிட்டு."

"அப்ப இனிமே வரமாட்டே." கப்பல்காரர் இதை உரக்கச் சொல்லவில்லை. அவர் மெதுவாகப் பேசி டர்னர் கேட்டது அதுதான் முதல் தடவை. "எடுத்துட்டுப் போய் மாட்டு. உன்னுது."

"உன் மெஷின்லேர்ந்து வந்தது. உன்னுது."

"எனக்கு எதுக்குய்யா? நான் துணி காயப் போடத்தான் அதை வெச்சிருக்கேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு. உன் பெட்டி காலியா இருக்கக்கூடாது."

"உன் வீட்டம்மா கேட்டு வாங்கினது. நான் திருப்பி வாங்கினா நல்லா இருக்குமா?"

"நான் எடுத்துட்டுப் போனா நல்லா இருக்குமா?"

"சரி, வியாழக்கிழமை வா. பேசித் தீத்துக்கலாம்."

வியாழக்கிழமை போனார். பேசினார்கள். தீரவில்லை. இரண்டு பேருமே நியாயமானவர்கள். நியாயமானவர்கள் பேச்சு சீக்கிரம் தீராது. சில வாரம் சக்கரத்தைக் கப்பல்காரர் இவர் பையில் திணிப்பார்; சில வாரம் இவர் அதை அவர் கொடிக்கடியில் வைத்துவிட்டு வருவார்; மறுநாள் அது மளிகைக்கடை வழியாகத் திரும்பி வரும்.

அது இப்போது டர்னர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், துவைத்துத் தைத்த உறைக்குள், சட்டிக்கு அடியில் இருக்கிறது. இரண்டு லேத்தும் ஓடவில்லை.