மாப்பிள்ளை ரகுபதிக்கு, டி.வி.டி. பெட்டி விஷயமாக

திருவொற்றியூர்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ரகுபதிக்கு, மச்சான் தேசப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் செங்கொடியும் சுகம். கடல் இரண்டு நாளாகக் கொஞ்சம் கோபமாக இருக்கிறது, மற்றபடி அதுவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. போனில் கேட்டால் "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா என்றால் "ம்". ஓசூரில் குளிரா என்றால் அதற்கும் "ம்". காகிதத்தைப் பார்த்து "ம்" கொட்ட முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

போன வாரம் ரேகா எனக்குப் போன் செய்தாள். "மாமா, அம்மா போனதிலேர்ந்து அப்பா ரூம வுட்டு வெளிய வர்றதே இல்ல. யாராண்டயும் பேசறதில்ல. நேத்து சோறு போட்டுகினு இருந்தேன், திடீர்னு 'அந்த மேட்ச் டிஸ்க்கு எங்க கீது?'ன்னு கேட்டாரு மாமா. டிஸ்க்கு டிரங்குப் பெட்டில கீது, போடறதுக்குத்தான் பிளேயர் இல்ல. கம்மி வெலைல எது நல்லா இருக்கும்னு நீயே பாத்துச் சொல்லு" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். உன் மகள் அழுதால் எனக்குப் பொறுக்காது என்று உனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன், உனக்காக இல்லை.

நீ எதற்கு அந்த டிஸ்க்கைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பொங்கலுக்கு நம் இரண்டு குப்பத்துக்கும் நடந்த, நாற்பதைத் தாண்டியவர்களின் கால்பந்து ஆட்டம். கடற்கரை மணல், சவுக்குக் கம்பில் கோல் போஸ்ட், அதன் பின்னால் பழைய மீன்வலை. உங்கள் குப்பத்துக்கு நீ ஆடினாய், நான் ரெஃப்ரி. கடைசியாக நீ அடித்த பந்து கம்புக்கு வெளியே போனது, நான் விசில் ஊதி கோல் இல்லை என்றேன். பந்து உள்ளே போய், வலையிலிருந்த கிழிசல் வழியாக வெளியே வந்தது என்று நீ அன்றைக்கு ஆரம்பித்தாய். பரிசு அண்டா எங்கள் குப்பத்துக்கு வந்ததால் நான் ஊர்ப் பாசத்தில் ஊதினேன் என்றும் சொன்னாய். மாப்பிள்ளை, நான் மூர் மார்க்கெட்டில் விதிப் புத்தகம் வாங்கி, ஒருத்தரிடமும் பாடம் கேட்காமல் நானே படித்து ரெஃப்ரி ஆனவன். படகு எஞ்சினையும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். என் விசிலுக்கு ஊர் கிடையாது. பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் சாப்பிட்டுவிட்டு, வீடியோக்கார ஆன்றோ எடுத்து வீட்டுக்கொரு டிஸ்க்காகக் கொடுத்த அந்தப் படத்தைப் போடுவோம். சரியாக அந்த இடத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு கறை குறுக்கே ஓடிப் பந்தை மறைத்துவிடும். ஆன்றோ மட்டமான டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று திட்டுவதில் மட்டும் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி. தங்கச்சி குணசுந்தரி பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே சிரிப்பாள்.

கல்மண்டபத்தில் மொஹ்சின் கடைக்குப் போனேன். "இன்னா நைனா, ஊரே டிவிடிய எடைக்குப் போட்டுகினு கீது, நீ வாங்க வந்துகீற?" என்றான். ரொம்ப விலை குறைந்த ஒன்றைக் கொடுத்தான். மூன்று கலர் ஒயர் போட்டு மாட்டுவது. வீட்டில் கொண்டுவந்து என்னிடமிருக்கும் டிஸ்க்கைப் போட்டால், சோறு வடித்த கஞ்சிக்குள்ளிருந்து ஆட்டம் பார்ப்பதுபோல் இருந்தது. பழைய டிவியில் இவ்வளவு மோசமில்லையே என்று திருப்பிக் கொண்டுபோய் அவன் மேஜைமேல் வைத்தேன். அவன் வேறு ஒன்றை எடுத்தான்.

"டிஸ்க்குல கீற புள்ளி கம்மி நைனா. உன் புது டிவில புள்ளி ஜாஸ்தி. நடுவுல காலியா கீற எடத்த எல்லாம் இந்த மிஷினு கணக்குப் போட்டு ரொப்பிடும். அப்ஸ்கேலிங்னு பேரு."

"இல்லாதத எப்பிடிப்பா ரொப்பும்?"

"பக்கத்துல கீற புள்ளியப் பாத்து, இங்க இதான் இருந்திருக்கும்னு ரொப்பும்."

"அப்போ அது பாக்கல. பாத்தா மாதிரி சொல்லுது."

"நைனா, நீ பிளேயர் வாங்க வந்தியா, சாட்சி விசாரிக்க வந்தியா?"

விலை கையைக் கடிக்கவில்லை, வாங்கிவிட்டேன். ஒரே ஒயர், டிவிக்குப் பின்னால் மாட்டவேண்டும். டிவியோ சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது, என் கை உள்ளே போகவில்லை, இரண்டு ஆணியைப் பிடுங்கினேன், டிவி ஒருபக்கம் சாய்ந்துவிட்டது, செங்கொடி ஓடி வந்து அதைத் தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, "டிவிய ஒடச்சிட்டு அப்பால எதுல பாக்கப் போற, செவுத்துலயா?" என்று கத்தினாள். ஒருவழியாக மாட்டினால் திரை முழுக்க நீலம். நீலம் போய்ப் படம் வந்தால் எல்லோரும் அகலமாக இருக்கிறார்கள். உன் தொப்பை இந்தப் போஸ்ட்டிலிருந்து அந்தப் போஸ்ட்டுக்கு இருந்தது, நீ கோல் கீப்பராக நின்றிருந்தால் அண்டா உங்களுக்குத்தான். எஞ்சினில் இப்படி ஒரு கோளாறு வந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன், திருப்புளி எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். பிறகு மொஹ்சினுக்குப் போன் செய்தேன், அவன் வாயில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "ரிமோட்ல ஒரு பட்டன் அமுக்கினா செரியாப் பூடும், அதுக்கு எதுக்கு நைனா ஸ்க்ரூ கயட்டின? கேரண்டி பூட்ச்சி!" பட்டனை அமுக்கினேன், நீ இளைத்தாய். அதற்குள் டிஸ்க் நின்றுவிட்டது. இத்தனை வருட உப்புக்காற்றுப் பிசுக்கு அதில். செங்கொடி பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவி, முந்தானையில் ஒற்றிக் கொடுத்தாள். ஓடியது.

இனி நான் சொல்வதை ரேகாவிடம் அப்படியே சொல். பெட்டி நல்ல பெட்டி. மணலில் பதிந்த கால் தடம் தெரிகிறது. தூரத்தில் நிற்கும் படகுகளின் நம்பர் மட்டும் தெரியவில்லை, அதற்காக இல்லாத நம்பரை ரொப்பி அது பொய் சொல்லவுமில்லை. உன் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை, அதை இவ்வளவு நாள் கழித்து இப்போதுதான் கவனித்தேன்.

அந்த இடம் வந்தது. நீ உதைக்கிறாய். நான் ஓடி வருகிறேன். அந்தக் கறையும் வந்தது. மாப்பிள்ளை, அது கறை இல்லை. குணசுந்தரி.

மாம்பழக் கலர் சேலை, கருநீலப் பூப்போட்டது. ஒரு கையில் மோர் வாளி. கோலுக்குப் பக்கத்தில் கேமராவுக்கு முன்னால் நிதானமாக நடந்து போகிறாள். "நவுருக்கா, நவுரு!" என்று ஆன்றோ அலறுகிறான். "இர்றா, மோரு கொட்டிடும்!" என்கிறாள் அவள். அந்தக் குரலை நாம் ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறோம். கூட்டத்தில் யாரோ என்று விட்டுவிட்டோம். என் சொந்தத் தங்கச்சி குரல் எனக்குத் தெரியவில்லை, பெண்டாட்டி குரல் உனக்கும் தெரியவில்லை. நாம் அவ்வளவு மும்முரமாகப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செங்கொடியைப் பார்த்தேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அவ சேல எனுக்குத் தெரியாதா? மொத வருசமே ரெண்டு பேரும் சிரிச்சோம். நா சொல்லிடலாம்னேன். குணாதான், 'வோணாம் அண்ணி, இது தீந்துபோச்சுன்னா ரெண்டும் ஒண்ணுகிட்ட ஒண்ணு இன்னாத்த பேசும்?'னு சொன்னா" என்றாள்.

பாஸ் பட்டனை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராப் பக்கம் பாதி திரும்பி, வாளி தளும்பாமல் இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, ஆன்றோவை அதட்டுகிற வாயோடு நிற்கிறாள். காதோரம் முடி பறக்கிறது. இந்த முடியெல்லாம் பெட்டி தானாக ரொப்பியதா, அவளுடையதுதானா என்று எனக்குத் தெரியாது. சரியாகத்தான் ரொப்பியிருக்கிறது. இந்தப் பெட்டியில் ஒரே ஒரு குறை. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால், படத்தை மறைத்துவிட்டுக் கம்பெனி பெயர் வந்து திரையில் மூலைக்கு மூலை முட்டி விளையாடுகிறது. பட்டனை அமுக்கினால் திரும்ப வருவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய்விடுவாள். ஒரு மனிதன் ஒரே படத்தை எவ்வளவு நேரம் பார்ப்பான் என்று இதைச் செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத இருக்கிறேன்.

ஆகவே ரேகா இதே பெட்டியை வாங்கலாம். ஒயரைப் பெட்டியோடு சேர்த்துக் கேட்டு வாங்கச் சொல், ரிமோட்டுக்கு பேட்டரி தனி. படம் அகலமாக வந்தால் திருப்புளியை எடுக்கவேண்டாம். அவள் நகர்ந்த பிறகு மீதியையும் பார்த்துவிட்டேன், கோல் இல்லை. விஷயம் முடிந்தது. நீ இங்கே வரவேண்டிய தேவையும் இல்லை. ஆடித் திருவிழாவுக்கு வா என்றேன், "ம்" என்றாய், வரவில்லை. இனிமேல் கூப்பிட மாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

ரேகாவுக்கும் மருமகனுக்கும் பேரப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். வடிவுடையம்மன் உன்னை வேளைக்குச் சாப்பிட வைக்கட்டும். காலையில் காது மூடித் துணி கட்டிக்கொள், அங்கே பனி அதிகம் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
க. தேசப்பன்.

பின்குறிப்பு: ரேகாவிடம் எந்தப் பெட்டியும் வாங்கவேண்டாம் என்று சொல்லிவிடு. மேலே மீதியையும் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, நான் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் அவள் நகர்ந்துவிடுவாள், பின்னால் இருக்கும் வலை தெரியும், கிழிசல் ஆடியதா இல்லையா என்று இந்தப் பெட்டியில் பளிச்சென்று தெரிந்துவிடும். அவள் நகர்வதைத் தனியாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அங்கேயே நிறுத்தி அணைத்துவிட்டேன். அணைத்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடங்குமாம், டிஸ்க்கை வெளியே எடுத்தால்தான் மறந்துபோகுமாம். அதனால் இந்த வீட்டில் ஒருத்தரையும் அதைத் தொட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை செங்கொடி வஞ்சிரம் வாங்குகிறாள். உனக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறாள். நீ வந்து உட்கார்ந்த பிறகு பட்டனை அமுக்குகிறேன். கோல் இல்லை, அது வேறு விஷயம். வா.