ஏழாம் நம்பர் ஐஸ்

பதுளை டவுனில் பெண்களிடம் அதிகமாகக் குடையடி வாங்கிய ஒழுக்கமான மனுசன் யார் என்று கேளுங்கள், பஜாரே ஒரே குரலில் சொல்லும்: ஏழாம் நம்பர் அண்ணன். சொந்தப் பேர் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தொழில், மீன் கடைகளுக்கு ஐஸ்கட்டி கொண்டுபோய்ப் போடுவது. தள்ளுவண்டியில் மரத்தூளைக் கொட்டி, சாக்கைப் போட்டு மூடி, விழுந்தடித்து ஓடினாலும் பாதி ஐஸ் ரோட்டிலேயே ஒழுகிவிடும். "என்னய்யா, ஐஸ் கேட்டா மீனைக் குளிப்பாட்ட வந்திருக்கே?" என்று கடைக்காரர்கள் ஏசுவார்கள். பாவம், வாங்காத பேச்சில்லை.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு போன் வந்தது. போனில் ஒரு வீடியோ வந்தது. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு எங்கள் தையல் கடைக்குள் ஓடிவந்தார்.

"தங்கச்சி, உருகாத ஐஸ் இருக்காம்! வைரத்துக்குள்ள இருக்காம்!"

"வெயில் ஜாஸ்தி, உக்காருங்கண்ணே" என்றேன்.

விட்டாரா? பூமிக்கடியில், கிணறு வெட்டுகிறவன் கனவிலும் போகாத ஆழத்தில், வைரம் விளையும்போது கொஞ்சம் தண்ணீரையும் உள்ளே பிடித்துக்கொள்கிறதாம். மேலே வந்தபிறகும் பிடியை விடுவதில்லையாம். அந்த நெருக்கடியில் தண்ணீர் ஐஸாகவே கிடக்குமாம், வெயிலில் வைத்தாலும். விஞ்ஞானிகள் அதற்கு ஏழாம் நம்பர் ஐஸ் என்று பேர் வைத்து, கனிமங்களோடு கனிமமாகச் சேர்த்தும் விட்டார்களாம்.

"சூட்டுல எப்படிண்ணே ஐஸ் இருக்கும்?"

"சாயங்காலம் தேயிலத் தோட்டத்து பஸ்ஸுல நிக்கிறியே, வேர்த்து ஊத்துதா? ஊத்துது. கையக் கால அசைக்க முடியுதா? முடியல. அதான் ஏழாம் நம்பர்!"

இதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை நான் எங்கும் கேட்டதில்லை.

அதன்பிறகு அண்ணன் அண்ணனாக இல்லை. கடிகாரம் திருத்துகிறவர்கள் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில், எங்கே ஒரு மூக்குத்தி மின்னினாலும் போச்சு. "அம்மா, மூக்கைக் கொஞ்சம் காட்டுங்க" என்று நெருங்குவார். குடை இறங்கும். துடைத்துக்கொண்டு அடுத்த மூக்குக்குப் போவார்.

நாளாக ஆக, பெண்களே தேடிவர ஆரம்பித்தார்கள். தன் கல்லில் ஐஸ் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? அண்ணன் ஒரு கண்ணை இறுக மூடிப் பார்ப்பார். முகம் வாடிவிடும். "இல்லம்மா. வெறும் வைரந்தான்."

இந்தச் சமயத்தில்தான் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வெலிமடை, உருளைக்கிழங்கு வியாபாரக் குடும்பம். நாங்கள் இரண்டுபேரும் விரும்பி, அழுது, அடம்பிடித்து, பெரியவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போட தங்கள் குடும்பத்து வைர மூக்குத்தியைக் கொண்டுவந்திருந்தார். என் பெரியம்மா சும்மா இருந்தாரா? ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஐயையோ! கரும்புள்ளி! தோசமுள்ள கல்லு! இத எங்க புள்ளைக்குப் போடவா?"

"எங்க மாமியார் ஆயுசுக்கும் போட்டிருந்தது! தோசமா? எந்திரிடா, போவோம்!"

மாப்பிள்ளை எழவில்லை. அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். எனக்கு உலகமே இருண்டுவிட்டது. சபை என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

சர்பத்துக்கு ஐஸ் கொண்டுவந்த நம் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "கொஞ்சம் குடுங்கம்மா" என்று மூக்குத்தியை வாங்கி, கண்ணாடியை மாட்டினார். பார்த்தார், பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐஸ்!"

அண்ணன் பஸ் விளக்கம் கொடுத்தார். "இது தோசமில்லம்மா. பூமாதேவி வயித்துல இருந்த தண்ணி. கங்கைகூட இவ்வளவு தூரம் வரல!"

பெரியம்மா உடனே மூக்குத்தியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பவே நெனச்சேன்! வெலிமடையே காஞ்சாலும் எங்க கெணறு வத்துனதில்ல!" என்று மறுபடி உட்கார்ந்து, சர்பத் கேட்டார். தட்டு மாற்றியாயிற்று.

அண்ணன் வண்டியைத் தள்ளும்போது பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, நெசமாவே ஐஸா?"

"யாருக்குத் தெரியும்? இந்தக் கண்ணாடியில அது தெரியாது தங்கச்சி. பெரிய மெசினு வேணுமாம். அந்த வீடியோவ போன மாசந்தான் முழுசாப் பாத்தேன்."

"அப்புறமும் ஏன் மூக்கு மூக்காப் பாத்தீங்க?"

"ஒரு ஆசைதான்."

"ஊரே கேட்டப்ப இல்லன்னீங்க. இன்னிக்கி மட்டும்?"

"நீ அவனப் பாத்து அழுவுற. அவன் ஒன்னப் பாத்து முழிக்கிறான். பாத்துக்கிட்டு நிக்க நான் என்ன கல்லா?"

சொல்லிவிட்டு, ஒழுகுகிற வண்டியோடு ஓடிவிட்டார்.

அந்த மூக்குத்தி இப்போதும் என் மூக்கில்தான் இருக்கிறது. புள்ளியைப் பார்த்துக் கேட்பவர்களுக்கெல்லாம் ஐஸ் என்றுதான் சொல்கிறேன். நாளைக்கே ஒரு விஞ்ஞானி பெரிய மெசினோடு வந்து இல்லை என்று சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. எங்க அண்ணன் சொல்லியாச்சு.