கறவை மாடுகளுக்கு மட்டும்

ஆனைமலைக்குப் போகும் வழியில் ஓர் ஊர். அங்கே ஒரு பால் கூட்டுறவுச் சங்கம். சங்கத்துக்கு ஒரு கட்டடமும், கட்டடத்துக்கு வாசலில் மூன்று படிகளும் இருந்தன. கட்டிய நாளிலிருந்து அந்தப் படிகள் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. ஆகவே அவை நல்ல படிகள் என்றே கருதப்பட்டன.

செவ்வந்தி அங்கே பால் பரிசோதகர். பாலில் தண்ணீர் கலந்திருந்தால், கருவியை எடுப்பதற்கு முன்பே கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். போன வருஷம் கொப்பரை காயப்போட மொட்டை மாடிக்கு ஏறியவள், கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கமாகத் தவறி விழுந்தாள். முதுகுத்தண்டில் அடி. கோயமுத்தூரில் பல மாதம் வைத்தியம் பார்த்துவிட்டுச் சக்கர நாற்காலியில் ஊர் திரும்பினாள். நாற்காலியைத் தானே உருட்டவும், கட்டிலிலிருந்து அதற்குத் தானே மாறவும், சரிவில் தானே ஏறவும் அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள். படி ஏறக் கற்றுத்தரவில்லை. எந்த நாற்காலியும் அதைக் கற்றுக்கொண்டதில்லை.

ஊர் பாசமுள்ள ஊர். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை வைத்து அவள் வீட்டில் ஒரு கடையே போடலாம் என்ற நிலை வந்தது. சங்கத் தலைவர் மயில்சாமி அதோடு நிற்கவில்லை. 'செவ்வந்தி மறுவாழ்வு நல ஆதரவுக் குழு' என்று ஒன்றை அமைத்து, அதற்கு வாட்ஸப் குரூப்பும் தொடங்கினார். முதல் கூட்டம் சங்கக் கட்டடத்துக்குள் நடந்தது. உள்ளே வர முடியாததால் செவ்வந்தி வாசலில் இருந்தபடியே தன் மறுவாழ்வைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து, தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தார்கள். முடியாதது என்று உலகில் எதுவுமே இல்லை என்று அவர் ஒரு மணி நேரம் முழங்கினார். முழங்கி முடித்துச் செவ்வந்தியை மேடைக்கு அழைத்தார். மேடைக்கும் படிகள் இருந்தன. சால்வை மட்டும் கீழே இறங்கி வந்தது.

சால்வையை மடியில் வைத்துக்கொண்டு செவ்வந்தி தலைவரிடம் கேட்டாள்.

"ஏனுங் தலைவரே, சங்கத்துப் படியோரமா ஒரு சரிவு போட்டுக் குடுத்தீங்கன்னா நானே ஏறிப் போயிருவனுங்க. இந்த மாசத்துக்குள்ள வேலைல சேரலைன்னா மேலாபீசுல வேற ஆளப் போட்டுருவாங்களாமா."

"சரிவு எதுக்கு அம்மணி? நாங்க இத்தன பேரு இருக்கறோம், தூக்கீட்டுப் போயிர மாட்டமா?"

தூக்கினார்கள். முதல் நாள் விடியற்காலை குழு முழுவதும் வந்து, உற்சவமூர்த்தியைப் போல அவளை உள்ளே எழுந்தருளச் செய்து, படம் எடுத்துக்கொண்டது. மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் மட்டும் வந்தது. பால் கேன்கள் உள்ளே போயின. செவ்வந்தி வாசலில் இருந்தாள்.

தலைவர் சும்மா இருக்கவில்லை. கூட்டுறவு அலுவலர் ரவிக்குமாரை நேரிலேயே அழைத்துவந்து காட்டினார். ரவிக்குமார் படிகளை நெடுநேரம் பார்த்துவிட்டு விளக்கினார். மனிதர் ஏறும் சரிவு என்பது கட்டட அமைப்பில் மாற்றம். அதற்குப் பொறியாளர் வரைபடம் தர வேண்டும், வரைபடத்தை மாவட்டம் பார்க்க வேண்டும், மாவட்டம் பார்த்ததைச் சென்னை பார்க்க வேண்டும்.

"எத்தன நாளாகுமுங்க சார்?"

"அரசாங்கம் உங்க பக்கம் இருக்குதும்மா. நாள் மட்டும் கேக்காதீங்க."

அப்போது எதிர்த்த வீட்டு வாசலில், பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாட்டோடு ஒரு டெம்போ வந்து நின்றது. நான்கு மண் மூட்டை, மேலே ஒரு பலகை. மாடு கல்யாணப்பெண் மாதிரி நிதானமாக இறங்கிப் போனது. வரைபடம் யாரும் கேட்கவில்லை.

"சார், மாடு ஏறறதுக்குச் சரிவு போட்டா யாரு அனுமதி தரோணுமுங்க?"

ரவிக்குமார் யோசித்தார். "அது கால்நடை நலப் பணி. தலைவர் சரின்னா போதும்."

"மாடு எதுக்கு அம்மணி ஆபீசுக்குள்ள வருது?" என்றார் மயில்சாமி.

"மழை பேஞ்சா கால்நடை முகாம உள்ளதானுங்க நடத்தோணும்?"

மயில்சாமி இதில் ஓட்டை தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அந்த வாரமே சிமென்ட் சரிவு எழுந்தது. தணிக்கையில் கேள்வி வரக்கூடாது என்று 'கறவை மாடுகளுக்கு மட்டும்' என்று போர்டும் வைத்தார்கள். மாதம் முடிவதற்குள் செவ்வந்தி தன்னந்தனியாக அதில் உருட்டிக்கொண்டு ஏறிப்போய், தன் பழைய மேசைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினாள். அன்றைக்கு முதல் கேனிலேயே தண்ணீர் இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு மூட்டுவலிக்காரர் சுப்பையன், யாரும் பார்க்காதபோது ஒருநாள் சரிவில் ஏறினார். அடுத்து, கேன் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் ஏறினார்கள். தலைவர், இன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் என்று சொல்லித் தினமும் ஏறினார். படிகள் மேல் காலிக் கேன்களை அடுக்கிவிட்டார்கள். நான்கு கால் உள்ள எதுவும் இதுவரை அந்தப் பக்கம் வரவில்லை.

இதைப் பொறுக்காத ஒருவர் பெயர் போடாமல் மனு எழுதினார். மாடல்லாதோர் சரிவைப் பயன்படுத்துகிறார்கள் என்பது மனு. அது உண்மையானால் சரிவை இடித்துவிட வேண்டும் என்பது விதி. விசாரிக்க ரவிக்குமார் வந்தார். படிகளைப் பார்த்தார். கேன்களைப் பார்த்தார். தன் முழங்காலைத் தடவிக்கொண்டு சரிவு வழியாகவே ஏறி வந்தார். பின்னாலேயே மயில்சாமியும், அவருக்குப் பின்னால் ஆதரவுக் குழுவும் ஏறி வந்தார்கள்.

மூச்சு வாங்கி முடித்ததும் ரவிக்குமார் செவ்வந்தியிடம் கேட்டார். "இதுல யார் யார் ஏறறாங்கம்மா? உள்ளதச் சொல்லுங்க. தப்பா இருந்தா நாளைக்கே இடிச்சாகோணும்."

செவ்வந்தி பால் கருவியைக் கீழே வைத்தாள். எதிரில் வரிசையாக நின்றவர்களை, ஒரு முகம் விடாமல் பார்த்தாள்.

"போர்டுல போட்டிருக்கறவங்க மட்டுந்தானுங்க சார் ஏறறாங்க. சந்தேகமா இருந்தா, இப்ப ஏறி வந்தவங்களையே கேட்டுப் பாருங்க."

ரவிக்குமார் சிறிது நேரம் குழுவைப் பார்த்தார், குழு அவரைப் பார்த்தது. பிறகு அவர் பேனாவைத் திறந்து, விதிமீறல் ஏதுமில்லை என்று எழுதினார். மயில்சாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு எல்லோரும் தலையைக் குனிந்தபடி, ஒருவர் பின் ஒருவராக, சரிவில் நிதானமாக இறங்கிப் போனார்கள்.