சிவராஜின் அலமாரியில் காய்ந்த இலை

கருவாட்டு வியாபாரத்தில் முப்பத்தொரு வருஷம் இருக்கிறவன், ஒரு செடியைக் காயவைக்க எவனிடமும் பாடம் கேட்கப்போவதில்லை. அப்படித்தான் தீர்மானம் எடுத்தேன். தீர்மானம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

விஷயம் இது. என் மனைவி தைலம்மாள் தூங்குவதில்லை. எங்கள் ஒரே பையன் சிவராஜ் தாய்லாந்து போன நாளிலிருந்து தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். கீழே தெருவிலிருந்து யாராவது பால்கனியில் தொங்கும் கயிற்றை இழுத்து மணி அடித்தால் துள்ளி எழுவாள். பேப்பர்காரன். மறுபடி உட்காருவாள்.

இங்கே பர்மாவில் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்தபோது, அவனிடம் "நீ வீட்டுக்குள்ளேயே இரு, நான் யார்கிட்டயாவது பேசி முடிக்கிறேன்" என்றேன். போட்டாதாங் படகுத்துறையில் நான் பேசி முடிக்காத பேரம் கிடையாது.

"அப்பா, இது கருவாடு இல்லை" என்றான். மறுநாள் பஸ் ஏறிவிட்டான்.

எல்லை தாண்டியதும் போன் போட்டான். கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. "இனிமே உன் குரல் என் காதுல விழக்கூடாது" என்று கத்தினேன். என் பிள்ளையல்லவா, சொன்னதைக் காப்பாற்றினான். விழவேயில்லை. ஏதோ தோட்டத்தில் வேலை என்று தைலம் ஒருநாள் சொன்னாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

டெல்டாவிலிருந்து கருவாடு கொண்டுவரும் படகுக்காரன்தான் வழி சொன்னான். கோழி சூப்பில் ஒரு சிட்டிகை கஞ்சா இலை. பசி எடுக்கும், படுத்தால் தூக்கம் வரும். விதையும் வைத்திருந்தான். அவன் சொன்ன விலையை அடித்து, உதைத்து, திரும்பி நடந்து, கடைசியில் கால் பங்குக்கு வாங்கினேன். அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். தோற்றவன் சிரிக்கிறானே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மாட்டினால் ஜெயில். அதைவிட, தைலத்திடம் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து வளர்த்தேன். விரல் விரலாய் இலை விட்டது. படத்தில் பார்த்த அதே இலை.

அறுவடைக்கு முன்னால் கொஞ்சம் உதறல். கீழே போன் கடை வைத்திருக்கும் ஷம்சுதீன் பாயிடம், "இந்த வேலை தெரிஞ்ச ஆள் யாராவது உண்டா? என் வீட்டுக்குத் தெரியக்கூடாது" என்று காதோடு காதாகக் கேட்டேன். ஒரே நாளில் தாய்லாந்து நம்பர் ஒன்று கொடுத்தார். பெயர் கோ தூரா, பர்மாக்காரன். பேசமாட்டான், எழுத மட்டும் செய்வான் என்றார்.

செடியின் படத்தை அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு பர்மிய எழுத்தில் வந்தது: "நல்லா வளர்த்திருக்கீங்க. வெயிலில் போடாதீங்க. இருட்டில், காத்தாட, தலைகீழாத் தொங்கவிடணும்."

"எத்தனை நாள்?"

"பத்து."

"கருவாடே மூணு நாள்தான். இது இத்தனூண்டு இலை. அஞ்சு வைச்சுக்குவோம்."

"பத்து."

"இங்க மழை. கரண்ட் இல்ல, ஃபேன் ஓடாது. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், ஏழு."

"மழைன்னா பன்னண்டு."

என் ஆயுளில் நான் பேசப் பேச ஏறிய பேரம் அது ஒன்றுதான்.

இருட்டான இடம் எங்கே? சிவராஜின் அலமாரி. அவன் போனதிலிருந்து அதைத் திறக்க மனசு வரவில்லை என்று தைலம் சொல்லியிருந்தாள். அவள் குளிக்கும் நேரம் பார்த்துத் திறந்தேன். நாலு சட்டைதான் விட்டுப்போயிருந்தான். மற்ற ஹேங்கரெல்லாம் சும்மா ஆடின. அதில் கிளைகளைக் கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கண்ணில் தூசி.

வாசனை வெளியே போகாமலிருக்க தினமும் சாம்பிராணி போட்டேன். "திடீர்னு என்ன பக்தி?" என்றாள் தைலம். "வயசாச்சுல்ல" என்றேன்.

பன்னிரண்டு நாளும் கோ தூராவுக்கு எழுதினேன். காம்பு ஒடிகிறதா, வளைகிறதா? பூஞ்சணம் வந்ததா என்று அவன் கேட்பான். பிறகு செடியைத் தாண்டிப் பேச்சுப் போனது. சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன். முழங்கால் வலி எப்படி என்று அவன் கேட்பான். முழங்காலைப் பற்றி நான் எப்போது சொன்னேன் என்று ஞாபகமில்லை.

ஒருநாள், "எனக்கும் ஒரு பையன் இருந்தான்" என்று எழுதினேன்.

"இருந்தானா, இருக்கானா?"

இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், "இருக்கான்" என்று எழுதினேன்.

காய்ந்ததை ஊறுகாய் பாட்டிலில் அடைத்து, தினமும் ஒரு தரம் திறந்து மூடிப் பதப்படுத்தச் சொன்னான். மூன்று வாரம். நான் பேரம் பேசவில்லை. வாரம் கூடினால் நல்லதென்றே பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே கோழி சூப் வைத்தேன். பாட்டிலைத் திறந்து, சிட்டிகை எதற்கு என்று ஒரு கை இலை போட்டேன். தைலம் ஒரு வாய் குடித்தாள்.

"புளிப்பு கொஞ்சம் தூக்கல்."

"புளியே போடலையே."

"புளிச்சக்கீரைக்கு எதுக்குங்க புளி?"

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. நானும் குடித்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வருஷமாக என் தொண்டையில் இறங்குகிற அதே சூப்.

"வாரத்துல நாலு நாள் ஆயுற கீரை எனக்குத் தெரியாதா? அதுக்கும் இலை விரல் விரலாத்தான் இருக்கும். நீங்க சட்டியில வெந்ததைத்தானே பாத்திருக்கீங்க" என்றாள். "நீங்க துறைக்குப் போனப்புறம் தண்ணி ஊத்தினது யாரு? அலமாரியை நான் தினம் திறக்கிறேன், சட்டையை எடுத்து மோந்து பாக்க."

"அந்த கோ தூராவுக்குமா தெரியலை?"

"மொத நாளே தெரிஞ்சிடுச்சு. அவன் அங்க வேலை பாக்குறதே கஞ்சாத் தோட்டத்துலதானே. 'அம்மா, சொல்லிடவா'ன்னு கேட்டான். நான்தான் வேண்டாம்டா, நாளைக் கூட்டிச் சொல்லு, அப்பா அத்தனை நாளும் உனக்கு எழுதுவாருன்னேன்."

"யாரு, யாரை அம்மான்னான்?"

"நீங்க பெத்த பயதான். ஷம்சுதீன் பாய் அன்னிக்கே எங்கிட்ட வந்துட்டாரு, நான்தான் அவன் நம்பரைக் கொடுத்தேன். குரல்தானே காதுல விழக்கூடாதுன்னீங்க? எழுதக்கூடாதுன்னு சொல்லலையே."

கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் போனை அழுத்தி என் காதில் வைத்துவிட்டாள்.

"அப்பா" என்றான். குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

என்ன சொல்வது? தெரிந்த ஒன்றைத்தான் ஆரம்பித்தேன். "எப்ப வருவே?"

"தெரியலப்பா."

"ரெண்டு வருஷம்?"

தைலம் சூப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, மூணு. அதுக்கு மேல போகாதே."

"அப்பா, நான் ஒரு நம்பர் சொன்னாத்தானே நீங்க குறைப்பீங்க? எங்கிட்ட நம்பரே இல்லப்பா."

போனைக் காதில் வைத்தபடியே கிண்ணத்தில் கரண்டி இடிக்க சூப்பைக் கலக்கினேன். கடைசியில் அவன்தான், "சாப்பிடுங்கப்பா, ஆறிடும்" என்றான்.

தைலம் இரண்டு கிண்ணம் குடித்தாள். அன்று மத்தியானம் பால்கனி மணி நாலு தடவை அடித்தும் எழாமல், குறட்டை விட்டுத் தூங்கினாள். மிச்ச சூப்பை நான்தான் குடித்தேன். ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.